பத்து சென்ட் நீங்கலாக

பீர்மேடு
18 ஜூன் 1973

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள புஷ்பமேரிக்கு,

ஆண்டவர் தயவில் இருக்கிறேன். உன் இடது கண்ணில் நீர் வடிகிறது என்று ஈஸ்டருக்கு எழுதியிருந்தாய். டாக்டரிடம் காட்டினாயா, இல்லை பக்கத்து வீட்டார் சொன்ன வைத்தியமா? தெரிவிக்கவும்.

இங்கே மழை பிடித்துவிட்டது. முன்னறைத் தகரம் துருவேறி ஒழுகுகிறது. வாளிகள் வைத்திருக்கிறேன். நிரம்பிய வாளியை நகர்த்த என் முழங்கால் சம்மதிப்பதில்லை.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். இந்த வீட்டை விற்பதென்று முடிவு செய்துவிட்டேன். உன் அண்ணனின் பிராவிடண்ட் பணம் கரைந்துவருகிறது. எஸ்டேட் தேயிலை பேக்டரியை விட்டு வந்த ஒரு டீமேக்கரின் விதவைக்கு வேறு வருமானம் எங்கிருந்து? நான்கு அறைகளைப் பெருக்கிவிட்டு ஓர் அறையில் குடியிருக்கிறேன். பிள்ளையும் இல்லாத ஒருத்திக்கு ஒரு ஏக்கரும் கல் வீடும் பொருந்தவில்லை.

விலை இருபத்தைந்தாயிரம். ரோட்டோரத்து நிலம், வற்றாத கிணறு, உன் அண்ணன் பக்கத்தில் நின்று கட்டிய சுவர். பேரம் பேச வருகிறவர்கள் வர வேண்டாம் என்று பஜாரில் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்னிடம் ஓர் உதவி. கொழிஞ்சாம்பாறைக் கோவிலுக்கு நடந்துபோகும் தூரத்தில் எனக்குத் தகுந்த சிறு வீடு ஏதாவது விலைக்கு வருமா என்று விசாரி. உன் வீட்டுக்கு அருகில் என்றால் நல்லது. உன் வீட்டில் அல்ல. ஓர் அடுப்பில் இரண்டு பேர் சமைப்பது உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். வாடகை வீடும் வேண்டாம். வெளியே போ என்று சொல்ல ஒருவருக்கு உரிமையுள்ள கூரைக்குக் கீழே எனக்குத் தூக்கம் வராது.

செபத்தில் நினைத்துக்கொள்.

பிலோமி அமிர்தநாதன்

*

கொழிஞ்சாம்பாறை
2 ஜூலை 1973

மரியாதைக்குரிய அண்ணிக்குப் புஷ்பமேரி வணக்கத்துடன் எழுதுவது.

மாதாவின் ஆசியால் நலம். கண்ணுக்குச் சித்தூர் ஆஸ்பத்திரியில் மருந்து தந்தார்கள். கண் சரியாகிவிட்டது, போய்வந்த பஸ்ஸில் குடைதான் காணாமல் போனது. இந்த ஊர் மழைக்கு அது பெரிய நஷ்டமில்லை. வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிற மழை.

வீடு விற்கப் போகிறீர்கள் என்று வாசித்ததும் தையல் மிஷினை நிறுத்திவிட்டேன். அண்ணன் கையால் கட்டிய வீடு. சரி, உங்களுக்குத் தெரியாததா.

கோவிலுக்குப் பின் தெருவில் அர்த்தநாரி என்று ஒருவர், கடலை வியாபாரி. மகனுக்குக் கோயம்புத்தூர் மில்லில் வேலையானதால் அங்கே போகிறார். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் முருங்கை மரம். அவரிடம் போய்க் கேட்டேன்.

“பதினெட்டாயிரத்துக்கு ஒரு பைசா கொறைக்க மாட்டனுங்க, டீச்சரம்மா. கோயில ஒட்டுன ஊடுங்க. உங்க அண்ணி சன்னல்ல நின்னுட்டே பூசை பாத்துக்கலாமுங்க.”

“எங்க அண்ணி சன்னல்ல நின்னு பாக்கற ஆளில்லீங்க. சாமியார் தப்பாப் படிச்சார்னா உள்ள போயித் திருத்தோணும் அவங்களுக்கு” என்றேன். மனிதர் பயந்து விலையை இறக்குவார் என்று பார்த்தேன். சிரித்தாரே தவிர இறங்கவில்லை.

அண்ணன் அடக்கத்துக்கு மறுநாள் உங்கள் சமையலறையில் நின்று, ‘என்னோடு வந்துவிடுங்கள் அண்ணி’ என்று சொன்னேன். நீங்கள் பாத்திரத்திலிருந்து தலையை எடுக்காமல், ‘எனக்கு வீடு இருக்கிறது’ என்றீர்கள். நான் அதை அன்றே மறந்துவிட்டேன். இப்போது வீடு என்று எழுதும்போது ஏனோ நினைவு வந்தது.

முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவுங்கள்.

அன்புள்ள
புஷ்பமேரி

*

பீர்மேடு
21 ஆகஸ்ட் 1973

அன்புள்ள புஷ்பமேரிக்கு,

கண் குணமானது பற்றி மகிழ்ச்சி. வேப்பெண்ணெய் தடவினேன். முழங்கால் அப்படியே இருக்கிறது, படுக்கை விரிப்புதான் நாறுகிறது.

அர்த்தநாரியின் விலை எனக்குச் சம்மதம். வீட்டை விற்ற பணத்தில் அதைக் கொடுத்துவிட்டால், மிச்சத்தைத் தபாலாபீசில் போட்டு அதன் வட்டியில் சாப்பிடலாம். அவரைக் காத்திருக்கச் சொல்.

போன வாரம் ஒருவர் ஜீப்பில் வந்தார். மத்தாயி என்று பெயர், தொடுபுழைக்காரர், ஏலக்காய் வியாபாரம். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு கதவையும் ஆட்டிப் பார்த்தார். பிறகு பின்பக்கம் போனார். அங்கே ஜீப் இறங்கும் வழியை ஒட்டி சந்தனமேரியின் குடிசை இருக்கிறது.

அவளை உனக்கு நினைவிருக்காது. எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். வயதாகி வேலை நின்றதும் லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். போடியில் ஒரு மகள் இருந்தும் போக்கிடம் இல்லாமல் நின்றவளுக்கு உன் அண்ணன் நம் நிலத்தின் மூலையில் தகரம் போட்டுக் கொடுத்தார். அது அறுபத்தாறாம் வருஷம்.

மத்தாயி திரும்பி வந்து சொன்னார்: “அம்மச்சி, வீடு நல்ல வீடு. பக்ஷே அந்தக் குடில்?”

“அது சந்தனமேரியுடையது.”

“அதுதான் ஞானும் பறயுந்நது. அவளுக்குக் குடிகிடப்பு உண்டு, பத்து சென்ட் அவளுக்குப் போகும். நான் ஏலக்கா ஸ்டோர் கட்டுவேன், வண்டி வர்ற வழியில அவள் அடுப்பு மூட்டுவாள். அவளோட சேர்த்துன்னா பதினேழு. அவள் இல்லாமல்னா நீங்க கேட்ட இருபத்தஞ்சு, ஒரே கையில.”

இந்தச் சட்டம் உங்கள் பக்கத்திலும் உண்டு, உனக்குத் தெரியும். அடுத்தவர் நிலத்தில் முன்பே குடிசை போட்டிருந்தவருக்கு அந்த இடம் சொந்தம். சட்டம் வந்து இரண்டு வருஷம் கழித்து வில்லேஜ் ஆபீசிலிருந்து ஆள் வந்து, பின்னால் இருப்பது என்ன என்று கேட்டார். இந்த ரோட்டில் எல்லோரும் மாட்டுத் தொழுவம் என்று சொல்லியிருந்தார்கள். தொழுவம் இல்லாத வீடு இல்லை, மாடுதான் ஒன்றுகூட இல்லை. நான் மட்டும், அது வீடு, அதில் ஒரு பெண் இருக்கிறாள் என்றேன். அந்த மனிதர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு, “நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா” என்றார். எத்தனை முறை யோசித்தாலும் அது மாடாக மாறாது என்றேன். எழுதிக்கொண்டு போனார்.

எந்த வருஷம் வந்தாள் என்பதை மட்டும் அவர் கேட்கவில்லை. மத்தாயி அதைத் தெரிந்து வைத்திருக்கிறார். சட்டம் வந்த பிறகு, எழுபத்தொன்றில்தான் அவள் வந்தாள் என்று நான் எழுதிக் கையெழுத்திட்டால், அவளுக்கு உரிமை இல்லையாம்.

பதினேழில் அர்த்தநாரியின் வீடு வராது. யோசிக்கிறேன்.

பிலோமி அமிர்தநாதன்

*

கொழிஞ்சாம்பாறை
4 செப்டம்பர் 1973

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்துக்கு வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வாசித்தேன். ஊர் முழுக்க மாட்டுத் தொழுவம், எங்கள் அண்ணி வீட்டில் மட்டும் உண்மை. அந்த உண்மை இப்போது எட்டாயிரம் ரூபாயைத் தின்றுவிட்டு நிற்கிறது.

கோபப்படாமல் கேளுங்கள். அறுபத்தாறை அழித்துவிட்டு எழுபத்தொன்றை எழுதப் போகிறீர்கள், அவ்வளவுதான். யாரை அடித்தீர்கள், எதைத் திருடினீர்கள்? அந்தப் பொம்பிளைக்கு மகள் இருக்கிறாளல்லவா, அங்கே போகட்டும். மனசு உறுத்தினால் கையில் ஆயிரம் கொடுத்து அனுப்புங்கள். அதற்கும் மேல் உறுத்தினால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுங்கள். எங்கள் சாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம், வசதியாக இருக்கும்.

அர்த்தநாரி கிறிஸ்மஸ் வரைக்கும்தான் பொறுப்பாராம். “டீச்சரம்மா, நல்ல பார்ட்டி ஒண்ணு சுத்திட்டே இருக்குதுங்க. உங்க மூஞ்சிக்காகத்தான் பாக்கறனுங்க” என்கிறார். அந்த வீடு மட்டும் உங்களுக்கு அமைந்துவிட்டால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

அன்புள்ள
புஷ்பமேரி

*

பீர்மேடு
12 அக்டோபர் 1973

அன்புள்ள புஷ்பமேரிக்கு,

நலமே. நீயும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

‘எனக்கும் நிம்மதி’ என்று எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டாம் முறையும் வாசித்தேன். வேறொன்றுமில்லை.

மத்தாயி டைப் அடித்த தாளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. அதை மாதா படத்துக்குக் கீழே வைத்தேன். அது பொருத்தமான இடமில்லை என்று தோன்றி, அலமாரிக்கு மாற்றினேன்.

சந்தனமேரி காலையில் பேக்டரிச் சங்கு ஊதியதும் என் சமையலறைக் கதவுக்கு வருவாள். விறகு கொண்டுவருவாள், நின்றபடியே காப்பி குடிப்பாள், பேசுவாள். நான் அவளோடு பேசுவதில்லை. கேட்பேன், தேவையானால் திருத்துவேன். அவள் போன பிறகு மறுநாள் சங்கு ஊதும் வரை இந்த வீட்டில் மனிதக் குரல் கிடையாது. இதை முறையீடாக எழுதவில்லை. வீட்டின் நிலைமையை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை அவளே ஆரம்பித்தாள். “டீமேக்கரம்மா, மத்தாயி எங்கிட்டயும் வந்தாரு. ஐநூறு ரூவா தாரேன், போடிக்கு மக வீட்டுக்குப் போயிருன்னாரு. போனா மருமவன் ஐநூறையும் குடிச்சிட்டு என்னையும் வெரட்டுவான், அப்ப நீரு ஜீப்பு அனுப்புவீரான்னு கேட்டேன். ஜீப்புல ஏறிப் போயிட்டாரு.”

“நீ எந்த வருஷம் வந்தாய், மேரி?”

“வருசமெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். விபூதிப் புதனன்னிக்கு லயத்தப் பூட்டிட்டாங்க. நெத்தியில சாம்பலோட வந்து நின்னேன். ஐயா தகரத்தத் தோள்ல தூக்கிட்டு வந்தாரு. நீங்க இந்தக் கதவுல நின்னுக்கிட்டு, ‘இன்னைக்கு ஒருசந்தி, தெரியுமில்ல’ன்னீங்க. சோறே இல்லாதவகிட்ட.”

அப்படிச் சொன்னேன்தான். எனக்கு நினைவிருந்தது.

“அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்கு?”

“நீ பிறகு வந்ததாக.”

“கையெழுத்துப் போடப் போறீங்களோ?”

“யோசிக்கிறேன்.”

“யோசிங்க. நான் கோர்ட்டுக்கு வர மாட்டேன். யூனியன்காரனுவ வரச் சொல்லுவானுவ, வர மாட்டேன். ஆனா காலையில இந்தக் கதவுக்கும் வர மாட்டேன்.” விறகை இறக்கிவைத்தாள். டம்ளரை நீட்டி, “இது ஆறிப்போச்சு. வேற ஊத்துங்க” என்றாள்.

நான் அவள்மேல் இரக்கப்படுகிறேன் என்று நீ நினைக்கலாம். அவள் இரக்கப்படும்படியான ஆளில்லை. என் கவலை என்னைப் பற்றியது. அந்த எட்டாயிரம் எனக்குச் சொந்தமாக ஒரு கதவு. அது இருந்தால் கடைசிவரை யாரிடமும் போய் எதையும் கேட்க வேண்டியதில்லை. நான் கேட்டுப் பழகியவள் அல்ல என்பது உனக்குத் தெரியும்.

பிலோமி அமிர்தநாதன்

*

கொழிஞ்சாம்பாறை
29 அக்டோபர் 1973

அண்ணிக்கு,

சுகம். கார்டு என்பதால் சுருக்கம். அர்த்தநாரியிடம் மூலத்தறையிலிருந்து ஒருவர் வந்து அட்வான்ஸ் நீட்டியிருக்கிறார். வாங்காமல் வைத்திருக்கிறார். உடனே முடிவு எழுதவும். தயவுசெய்து கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

புஷ்பமேரி

*

பீர்மேடு
5 நவம்பர் 1973

அன்புள்ள புஷ்பமேரிக்கு,

உன் கார்டு கிடைத்தது. அர்த்தநாரியை அந்த மூலத்தறைக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளச் சொல். காத்திருந்ததற்கு என் நன்றியையும் சொல்.

கல்லறைத் திருநாளன்று உன் அண்ணனிடம் போனேன். காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை, ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் வைத்தேன். அங்கே எந்த வெளிச்சமும் எனக்குக் கிடைக்கவில்லை. காலில் அட்டை கடித்ததுதான் மிச்சம். முடிவு பிறகு, பத்திரம் (இங்கே ஆதாரம் என்பார்கள்) எழுதுகிறவரின் மேஜைக்கு முன்னால் வந்தது.

மத்தாயி பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தார். வாசித்தேன். ‘மேற்படி சந்தனமேரி 1971-ல் என் அனுமதியின் பேரில்’ என்று இருந்தது.

“இது முடியாது” என்றேன்.

“எந்தா அம்மச்சி, ஒரு வருஷம் மாத்தினா எண்ணாயிரம்.”

“அவளுக்குத் தகரம் சுமந்து போட்டவர் என் வீட்டுக்காரர். அவர் இறந்தது அறுபத்தொன்பதில். எழுபத்தொன்றில் தகரத்தைச் சுமந்தது யார்?”

“அதை யார் கேக்கப் போறா?”

“நான் கேட்பேன்.”

ஆதாரம் எழுதுகிறவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மத்தாயி வெளியே போய் ஒரு பீடி பிடித்துவிட்டு வந்தார். “பதினேழுதான்” என்றார். “பதினேழுதான்” என்றேன். ‘பத்து சென்ட் நீங்கலாக’ என்று ஆதாரத்தில் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள். எல்லையளவைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். அட்வான்ஸ் வாங்கியாயிற்று. ஈஸ்டருக்குள் வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும்.

உனக்கு இது பிடிக்காது என்று தெரியும். நான் எங்கே இருப்பது என்பதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இன்று எழுத இயலவில்லை.

பிலோமி அமிர்தநாதன்

*

பீர்மேடு
1 டிசம்பர் 1973

அன்புள்ள புஷ்பமேரிக்கு,

போன கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? பனிக்காலத்தில் உனக்கு மூச்சு இரைக்கும் என்பதால் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தை முன்பே இரண்டு தாளில் எழுதிக் கிழித்துவிட்டேன். மொழிநடை சரியாக அமையவில்லை. இப்போதும் அமையுமா என்று தெரியவில்லை, ஆனால் தாள் தீர்ந்துவருகிறது.

ஈஸ்டருக்குப் பிறகு உன் வீட்டில் உன்னோடு தங்க எனக்கு இடம் தருவாயா?

உன் பின்னறை போதும். என் கட்டிலும், ஒரு பெட்டியும், உன் அண்ணனின் நாற்காலியும் மட்டும் கொண்டுவருவேன். என் சாப்பாட்டுச் செலவை வட்டியிலிருந்து கொடுத்துவிடுவேன். அதை நீ மறுக்கக் கூடாது. உன் சமையலைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல மாட்டேன். சொல்லாமல் இருக்க முயல்வேன் என்று எழுதுவதே உண்மை.

அன்று நீ அழைத்தபோது நான் சொன்ன பதிலை நீ மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. அன்று எனக்கு வீடு இருந்தது. இப்போது இல்லை. கேட்கிறேன்.

பதில் எதுவானாலும் எழுது.

பிலோமி

*

பீர்மேடு
18 ஜனவரி 1974

அன்புள்ள புஷ்பமேரிக்கு,

கிறிஸ்மஸ் நல்லபடியாகக் கழிந்திருக்கும். நான் நலம். நடுராத்திரிப் பூசைக்குப் போகவில்லை, பனியில் வழி தெரியவில்லை.

டிசம்பர் முதல் தேதி ஒரு கடிதம் எழுதியிருந்தேன். பண்டிகைக் காலத்தில் கடிதங்கள் தவறிப்போவது உண்டு என்று போஸ்ட்மாஸ்டர் சொல்கிறார். அது உனக்குக் கிடைத்ததா என்று மட்டும் தெரிவித்தால் போதும்.

பிலோமி

*

கொழிஞ்சாம்பாறை
20 பிப்ரவரி 1974

மரியாதைக்குரிய அண்ணிக்குப் புஷ்பமேரி வணக்கம்.

மாதா புண்ணியத்தில் எல்லோரும் சுகம். உங்கள் டிசம்பர் கடிதமும் ஜனவரி கார்டும் வந்து சேர்ந்தன. கிறிஸ்மஸ் சமயத்தில் தையல் வேலை அதிகம், கோவில் பிள்ளைகளுக்குச் சிறகு வைத்த சம்மனசு உடுப்பு முழுவதும் நான்தான் தைத்தேன். அதற்குப் பிறகு சளி. பிறகு பொங்கலுக்கு உறவுக்காரர்கள். நாள் போனதே தெரியவில்லை.

இந்த வருஷம் கடலை நல்ல விளைச்சல். அர்த்தநாரியின் வீட்டில் மூலத்தறைக்காரர் பால் காய்ச்சிவிட்டார். முருங்கையை வெட்டிவிட்டார், பார்க்க மனசு கேட்கவில்லை. கோவிலில் புதிய மணி வந்திருக்கிறது, சத்தம் கணீரென்று இருக்கிறது.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்திருக்கிறாள். சின்னப் பெண், தத்தமங்கலத்துக்காரி. தங்க இடமில்லை என்று வந்து நின்றாள். பின்னறையைக் கொடுத்திருக்கிறேன். நான் முப்பது வருஷம் தனியாகவே இருந்துவிட்டேன் அண்ணி, வீட்டில் இன்னொருவர் நடமாட்டம் எனக்குப் புதிது. சின்னப் பெண் என்பதால் நான் சொன்னதைக் கேட்டுக்கொள்கிறாள்.

உங்கள் தைரியம் எனக்கு எப்போதும் ஆச்சரியம். நீங்கள் எங்கே இருந்தாலும் நன்றாக இருப்பீர்கள். ஈஸ்டருக்கு அவசியம் வாருங்கள். நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம். அவள் ஊருக்குப் போய்விடுவாள், அறை சும்மாதான் இருக்கும்.

மாவடு ஒரு ஜாடி போட்டு வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புள்ள
புஷ்பமேரி

*

பீர்மேடு
28 ஏப்ரல் 1974

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள புஷ்பமேரிக்கு,

ஆண்டவர் தயவில் இருக்கிறேன். உன் சளி விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

உன் அழைப்புக்கு நன்றி. ஈஸ்டருக்கு வர முடியவில்லை. அந்த வாரம்தான் சாமான்களை மாற்றினேன். பின்னறையை ஒரு டீச்சருக்குக் கொடுத்தது நல்ல காரியம். வயதுப் பெண், கண்ட இடத்தில் தங்கக் கூடாது.

எங்கே மாற்றினேன் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தது தவக்காலம் தொடங்குவதற்கு முன். சில நாள் கழித்து, சந்தனமேரி காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்: “உன் குடிசைக்குப் பக்கத்தில் ஓர் அறை கட்ட எவ்வளவு இடம் வேண்டும், மேரி?”

“யாருக்கு?”

“எனக்கு.”

இரண்டாம் முறை கேட்பது முதல் முறையைவிடச் சுலபம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். “கட்டிலு எத்தன அகலம்?” என்றாள்.

சொன்னேன்.

“நாக்காலியும் வருமா?”

“வரும். செலவு முழுக்க என்னுடையது. மாதம் வாடகையும் தருகிறேன்.”

“வாடகையா? அதெல்லாம் வேண்டாம். இன்னைக்கு வாடகை தருவீங்க, நாளைக்கு அதிகாரி வந்து கேட்டா, வந்த வருசம் மாசத்தோட உண்மையச் சொல்லுவீங்க. பெறகு எம் பத்து சென்ட்டுல உங்களுக்குப் பத்து சென்ட்டா?”

நான் சிரித்தேன். அந்தச் சமையலறையில் கடைசியாக எப்போது சிரித்தேன் என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை. மெய்யாகவே அவளுக்கு அந்தப் பயம் இருந்தது. பிறகு அரிசியை ஒன்றாகப் போடுவது, விறகு அவள் பொறுப்பு, எண்ணெய் என் பொறுப்பு என்று பேசி முடித்தோம். அவளுக்கு ஒரு நிபந்தனை: “என் கட்டஞ்சாயாவக் குத்தம் சொல்லக் கூடாது. நீங்க டீமேக்கரு சம்சாரம், உங்களுக்கு ருசி தெரியும். எனக்கும் கொழுந்து தெரியும்.” ஒப்புக்கொண்டேன். சாயா மோசம்தான். குடிக்கிறேன்.

அறை சிறியது. ஹாலோபிளாக் சுவர், தகரக் கூரை, சிமெண்ட் தரை. கட்டிலைப் போட்ட பிறகு நாற்காலிக்கு இடம் போதவில்லை, அது அவள் பக்கம் இருக்கிறது. அவள் அதில் உட்காருவதில்லை. துவைத்த துணியை மடித்து அதன்மேல் வைக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

ஜன்னலைத் திறந்தால் எதிரே என் வீடு. மத்தாயி அறைகளில் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கியிருக்கிறார். அவருடைய ஆட்கள் கதவை அடித்துச் சாத்துகிறார்கள். மேல் தாழ்ப்பாளைச் சற்று உயர்த்திப் போட வேண்டும் என்று ஒருநாள் போய்ச் சொன்னேன். “சரி அம்மச்சி” என்றார்கள். இப்போதும் அடித்துத்தான் சாத்துகிறார்கள். இரவில் மூட்டைகளுக்குக் காவல் இருப்பவன் விளக்கைப் போட்டால், என் அறைச் சுவரில் அந்த ஜன்னல் கம்பிகளின் நிழல் விழுகிறது. ஜன்னலை மூடிவிடலாம். மூடினால் காற்றில்லை.

சந்தனமேரி எட்டு மணிக்குத் தூங்கிவிடுகிறாள். நான் விழித்திருக்கிறேன். பணத்தைத் தபாலாபீசில் போட்டாயிற்று, வட்டி போதும். குறை ஒன்றுமில்லை.

விலாசம் பற்றி ஒன்று. என் பெயரை மட்டும் எழுதினால் தபால்காரர் பழைய வழக்கத்தில் கடிதத்தை மத்தாயியின் ஆட்களிடம் போட்டுவிடுகிறார். போன வாரம் தபாலாபீசிலிருந்து வந்த தாள் ஒன்று மூட்டைக்கடியில் கிடந்து, ஏலக்காய் வாசனையோடு என்னிடம் வந்தது. ஆகவே இனி என் பெயருக்குக் கீழே ‘சந்தனமேரி வீடு’ என்று தெளிவாக எழுது. கடிதம் வராத நாட்களில், நீ எழுதவில்லையா அல்லது அவர்கள் கொண்டுவந்து தரவில்லையா என்று எனக்கு இப்போது தெரிவதில்லை. விலாசம் சரியாக இருந்தால் எனக்கு அந்தச் சந்தேகம் இருக்காது.

பிலோமி